சொல்லக் கூசிய நோய்

அன்று மஃரிபுத் தொழுகை. வழமையாகத் தொழவைக்கும் இமாம் வெளியூர் சென்றிருந்தமையால், மத்ரஸாவில் பாடம் சொல்லித்தரும் என்னை முன்னே நிறுத்தினார்கள். முதல் ரக்அத்தில் ‘வள்ளுஹா’ அத்தியாயத்தை நிதானமாக ஓதினேன். இரண்டாம் ரக்அத்திற்கும் ஏறத்தாழ அதே நீளமுள்ள ஒன்றைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் எழுந்து நின்று ‘அல்ஹம்து’ ஓதி முடிப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து அந்த அழைப்பு வந்துவிட்டது. தொழுகைக்கு முன்னர்தான் கழிப்பறை சென்று வந்து, ஒளுச் செய்திருந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. திருமறையிலேயே மிகச் சிறிய அத்தியாயமான ‘கவ்ஸர்’ என் நாவில் தானாக வந்து நின்றது. மூன்றே வசனங்கள். ருகூவுக்குக் குனிந்தபோது நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

ஸலாம் கொடுத்ததும் துஆவையும் சுருக்கி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நான் விரைந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், “ஹஜ்ரத்துக்கு இன்னைக்குத் திருச்சி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு போல” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மறுவாரம் முதல், தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி, தொழவைக்கும் பொறுப்பை இளைய ஆலிம் ஒருவரிடம் தள்ளிவிட்டேன். தொண்டையில் ஒன்றுமில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஓர் உஸ்தாது, பள்ளிவாசலின் உள்ளே நின்றுகொண்டு சொன்ன பொய் அது.

எங்கள் மருங்காபுரி வட்டாரத்திலிருந்து திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். முன்பெல்லாம் மாதம் இருமுறையாவது கிதாபுக் கடைக்கும், பழைய நண்பர்களைக் காண்பதற்கும் சென்று வருவேன். பிறகு அந்தப் பயணங்கள் தேய்ந்தன. பேருந்தில் ஏறினால் படிக்கட்டை ஒட்டிய இருக்கையைத் தேடினேன். துவரங்குறிச்சியிலிருந்து விராலிமலை வழியாகத் திருச்சி வரையில் எந்தெந்த இடத்தில் கழிப்பறை உண்டு, எதற்குக் கதவு இல்லை, எதற்குத் தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாயின. ஓதிக் கொடுக்கிறவனுக்கு இப்படியொரு மனப்பாடம்! புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். அதுவும் பயன் தரவில்லை. பள்ளிவாசல் ஹவுளருகே குழாயைத் திறந்து நீர் விழும் ஓசை கேட்டாலே போதும், வயிறு இறுகிவிடும். வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் பலமுறை தோற்றுப்போயிருக்கிறேன்.

வாசகர்கள் என்மீது பரிதாபப்படுவதற்கு முன்னர் இதில் உள்ள வேடிக்கையைச் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளாக நான் ஃபிக்ஹுப் பாடம் நடத்துகிறேன். அதில் ‘மஃதூர்’, அதாவது தகுந்த காரணமுடையவர் என்றொரு பகுதி உண்டு. இடைவிடாது சிறுநீர் சொட்டும் நோயாளி எவ்வாறு தொழ வேண்டும் என்பதை ஹனபி மத்ஹபின் அறிஞர்கள் அதில் அளந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும், ஒளுச் செய்து ஃபர்ளைத் தொழுது முடிக்கும் அளவுக்குக்கூட அந்தச் சொட்டு நிற்கவில்லையென்றால் அவர் மஃதூர் ஆகிறார். அதன் பின்னர் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒருமுறையேனும் அது தென்பட்டால் அந்த நிலை நீடிக்கிறது. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒருமுறை ஒளுச் செய்துகொண்டால் அந்த நேரத்துக்குள் வேண்டிய தொழுகைகளைத் தொழலாம்; சொட்டினாலும் முறியாது; நேரம் முடிந்தால்தான் முறியும். இதை நடத்தும்போது பின்வரிசை மாணவர்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். “மார்க்கத்தைக் கற்பதில் வெட்கமென்ன?” என்று அதட்டுவேன். அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பாராட்டியதை எடுத்துச் சொல்வேன். வெட்கம் அவர்களை மார்க்க ஞானத்தைத் தேடுவதிலிருந்து தடுக்கவில்லை என்பதே அந்தப் பாராட்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு, பாடம் முடியும் முன்னரே ஏதோ வேலையிருப்பதுபோல எழுந்து கழிப்பறைக்குப் போவேன்.

என் நிலையோ அந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. எனக்கு இடைவிடாது சொட்டுவதில்லை. திடீரென்று ஓர் அவசரம் வரும். விரைந்தால் தப்பிக்கலாம், தாமதித்தால் சில துளிகள் நழுவும். எனவே நான் மஃதூர் அல்லன்; நழுவிய ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, உடை மாற்றி, மீண்டும் ஒளுச் செய்ய வேண்டியவன். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவது வெறுக்கப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். அடக்கிக்கொண்டிருக்கும் நிலையில் காஜி தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றுகூட நூல்கள் பேசுகின்றன. அத்தகையவனிடம் ஆலோசனை கேட்காதே என்ற கருத்தில் அரபியரிடையே ஒரு வழக்கும் உண்டு. அதன் உண்மையை அந்த ஆண்டுகளில் நன்கு உணர்ந்தேன். மனைவியிடமும் மாணவர்களிடமும் காரணமின்றிச் சினந்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. இது வயதின் கோளாறு, எல்லோருக்கும் வருவது என்று எண்ணி இருந்துவிட்டேன். கடைசியில், சர்க்கரை நோயாக இருக்குமோ என்ற அச்சத்தில்தான் திருச்சியில் ஒரு சிறுநீரியல் மருத்துவரைக் கண்டேன். இளைஞர். என் மகன் வயதிருக்கும். நான் சுற்றிவளைத்துப் பேசத் தொடங்கியதும், “பாய், ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ராத்திரி எத்தனை தடவை? துணி நனையுதா?” என்று மூன்று கேள்விகளில் முடித்துவிட்டார். இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு வெறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் உடனே மருந்தெழுதவில்லை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, நீர்ப்பையில் கல் இருக்கிறதா, புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் முதலில் பார்த்தார். இவற்றுள் எது இருந்தாலும் இதே தொல்லை வரும். அதற்கான சிகிச்சை வேறு. நீர் கழித்த பின்னர் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் ஸ்கேன் மூலம் அளந்தார். வயதான ஆண்களுக்கு இது முக்கியமாம். ஏற்கெனவே நிறையத் தங்குகிறவருக்கு இந்த வகை மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளக்கூடும். எனக்குப் பெரிதாக எதுவும் தங்கவில்லை, சர்க்கரையும் இல்லை. பின்னர், அளவுக்கோடு போட்ட ஒரு குவளையை வாங்கிக்கொண்டு, மூன்று நாட்களுக்கு எவ்வளவு குடிக்கிறேன், எப்போது எவ்வளவு கழிகிறது என்பதை எழுதி வரச் சொன்னார்.

ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் எழுதினேன். மணிக்குப் பதிலாக, சுபுஹு முதல் லுஹர் வரை, லுஹர் முதல் அஸர் வரை என்று பிரித்துக்கொண்டேன். மூன்று நாட்களின் கணக்கு எனக்கே வியப்பளித்தது. பகலில் பதினான்கு, பதினைந்து முறை. இரவில் மூன்று, நான்கு. ஒவ்வொரு முறையும் வந்தது 100, 120 மில்லி. நல்ல நிலையிலுள்ள நீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும் என்றும், விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டு முறை போவது இயல்பு என்றும் மருத்துவர் சொன்னார். குடித்த கணக்கில் ஆறு குவளைத் தேநீர் இருந்தது. “தண்ணியை நிறுத்தினீங்க, டீயை நிறுத்தலையே பாய்!” என்றார். தேயிலையில் உள்ள கஃபீன் நீர்ப்பையைக் கிளறிவிடக்கூடியது. தண்ணீரைக் குறைத்ததோ சிறுநீரைச் செறிவாக்கி எரிச்சலைக் கூட்டியிருந்தது. நான் செய்தது முழுவதும் தலைகீழாக இருந்திருக்கிறது.

நோயின் பெயர் ‘ஓவர் ஆக்டிவ் பிளாடர்’. அளவு மீறிச் செயற்படும் நீர்ப்பை என்று சொல்லலாம். தடுக்கவியலாத திடீர் அவசரமே இதன் முதல் அடையாளம். அடிக்கடி போவதும், இரவில் எழுவதும், நழுவுவதும் அதன் துணைகள். கிருமியோ வேறு வெளிப்படையான கோளாறோ இல்லாத இந்தத் தொகுப்பை இப்பெயரால் குறிக்கும் வரையறையைச் சர்வதேசச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002-இல் வகுத்தது. நீர்ப்பை என்பது வெறும் பையன்று. அதன் சுவரே ஒரு தசை. நிரம்பும்போது அந்தத் தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். நாம் உத்தரவிட்ட பின்னரே சுருங்க வேண்டும். இந்த நோயில் அது பாதி நிரம்புவதற்குள்ளாகவே உத்தரவின்றிச் சுருங்குகிறது. வகுப்பு மணி அடிக்கும் முன்னர் எழுந்து ஓடும் பிள்ளையைப் போல.

அரபியில் நீர்ப்பைக்கு ‘மஸானா’ என்று பெயர். சிறுநீரகத்திலும் மஸானாவிலும் உண்டாகும் கற்களைப் பற்றி மட்டுமே ராஸீ தனியாக ஒரு நூல் இயற்றியிருக்கிறார். இப்னு ஸீனா (980–1037) தம் ‘கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் தலை முதல் கால் வரை உறுப்புறுப்பாக நோய்களை ஆராயும்போது மஸானாவையும் விடவில்லை. நம் சித்த மருத்துவரும் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று வகுத்து, அவற்றுள் சிறுநீரையும் சேர்த்தார்கள். அந்த முன்னோர்களெல்லாம் கூசாமல் எழுதியதை மருத்துவரிடம் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

மாத்திரையின் கதைக்கு வருகிறேன். மருத்துவர் முதலில் எழுதியது சோலிஃபெனசின், 5 மில்லிகிராம், நாளொன்றுக்கு ஒன்று. இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். “ஊமத்தங்காய் தின்ன பிள்ளையைப் பார்த்திருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். பார்க்காமலா? மருங்காபுரிப் பக்கத்துக் குப்பைமேடுகளில் ஊமத்தைக்குப் பஞ்சமில்லை. அதைத் தின்ற பிள்ளைக்கு நாக்கு வறளும், முகம் சிவக்கும், கண்பாவை விரியும், பிதற்றல் வரும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். கடைசியில் சொன்னதுதான் இந்த மருந்தின் மூலம் என்றார் அவர்.

நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் ஒரு பொருள் கசிந்து, தசையிலுள்ள ஒரு பூட்டில் சாவியைப் போல் நுழையும்போதுதான் நீர்ப்பை சுருங்குகிறது. நரம்பு இப்படி இரசாயனத்தால் பேசுகிறது என்பதை ஆட்டோ லோவி என்ற அறிஞர் 1921-இல் தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். சோதனைக்கான வழி அவருக்குக் கனவில் தோன்றியது என்பார்கள். அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு ‘மஸ்கரினிக்’ என்று பெயர் வந்தது ஒரு நச்சுக் காளானிலிருந்து எடுத்த மஸ்கரின் என்ற பொருளால். ஊமத்தையிலுள்ள அட்ரோபின் முதலிய நஞ்சுகள் இந்தப் பூட்டின் துளையை அடைத்துக்கொள்கின்றன. சாவி நுழைய முடிவதில்லை. ஆனால் உடம்பில் இதே இனப் பூட்டு வாயிலும் உண்டு, கண்ணிலும் உண்டு, குடலிலும் மூளையிலும் உண்டு. எல்லாவற்றையும் அடைத்துவிடுவதால்தான் ஊமத்தை நஞ்சாகிறது. நீர்ப்பையின் பூட்டைக் கூடுதலாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் அடைக்கும்படி மருந்துகளைத் திருத்திக்கொண்டே வந்த வரலாறுதான் இது. ஆக்ஸிபியூட்டினின் 1975-இலும், டோல்டெரோடின் 1998-இலும், சோலிஃபெனசின் 2004-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. ஃபிக்ஹு நூல்களில் தலாக் பாடத்தில் ‘பன்ஜ்’ என்றொரு பொருள் வரும். அதை உட்கொண்டு புத்தி மயங்கியவன் சொன்ன தலாக் செல்லுமா என்று நம் இமாம்கள் விவாதிப்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்று கிடைப்பதுதான் அது. ஊமத்தையின் உறவுச் செடி, உள்ளே இருப்பதும் அதே இன நஞ்சு. முப்பது ஆண்டு தலாக் பாடத்தில் சொல்லிக்கொடுத்த பொருளின் சாந்தமான தூரத்து உறவினர் ஒருவர் இப்போது என் மாத்திரைப் பட்டையில் குடியிருக்கிறார்! இதை வாசித்துவிட்டு யாரும் ஊமத்தையையோ குரோசாணி ஓமத்தையோ தேடிப் போய்விட வேண்டாம். அவற்றில் மருந்துக்கும் மரணத்துக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறைவு.

முதல் வாரத்தில் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அஸருக்குச் செய்த ஒளுவோடு மஃரிபும் தொழுதேன். பிறருக்கு இது ஒரு செய்தியே அல்ல. எனக்கு, பள்ளிவாசல் தூணில் சாய்ந்துகொண்டு சிறிது நேரம் கண்மூடி உட்காரும்படியான செய்தியாக இருந்தது. இரவில் ஒருமுறை மட்டும் எழுந்தேன்.

ஆனால் வாய் வறண்டது. சாதாரண வறட்சியன்று, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஓசை எழுந்தது. நான் தஜ்வீது சொல்லிக்கொடுப்பவன். ‘ளாத்’ என்ற எழுத்துக்கு நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களில் படிந்து எழ வேண்டும். வறண்ட நாவு அங்கேயே தங்கிவிட்டது. ‘ஹா’வுக்கும் ‘ஹ’வுக்கும் வேறுபாடு காட்ட முடியவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன், “ஹஜ்ரத், நீங்க சொல்றது வேற மாதிரி இருக்கு” என்றான். எந்தத் தொல்லையால் தொழவைப்பதை விட்டேனோ அது தணிந்தது. இப்போது ஓதுவதே தடுமாறியது. முன்பு தொண்டை கட்டியதாகச் சொன்ன பொய்யை இறைவன் உண்மையாக்கிவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். மலச்சிக்கலும் சேர்ந்தது. சிறிய எழுத்து கிதாபுகள் மங்கலாயின. அது சித்திரை மாதம். இந்த மருந்து சிலருக்கு வியர்வையைக் குறைத்துவிடும், வெயிலில் அலையாதீர்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். திருச்சி மாவட்டத்துக் கத்திரி வெயிலில் வியர்க்காமல் இருப்பது வரமன்று, ஆபத்து.

இதே காலத்தில்தான் என் பெரியம்மாவின் செய்தியும் புரிந்தது. எண்பது வயதைத் தாண்டியவர். பல மாதங்களாகப் பேச்சு குழம்பியிருந்தது. மகனை அத்தா என்று அழைப்பார், நள்ளிரவில் சுபுஹுத் தொழ எழுந்துவிடுவார். முதுமை என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அவருடைய மருந்துப் பையைப் புரட்டியபோது, என் மாத்திரைக்கு மூத்த மருந்தான ஆக்ஸிபியூட்டினின் அதில் இருந்தது. யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்தது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் காட்டியதும் அதை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் பெரியம்மா மகனை மகன் என்றே அழைத்தார். முழுவதும் தெளிந்தது என்று சொல்லமாட்டேன். இரவு குழப்பம் நின்றது. இத்தகைய மருந்துகளை முதியவர்கள் நெடுங்காலம் உட்கொள்வதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2015-இலும் 2019-இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் சுட்டிக்காட்டின. மருந்துதான் காரணம் என்று அவை அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் எண்பது வயதுக்காரருக்கு இதை எழுதும் முன்னர் மருத்துவர்கள் இப்போது பலமுறை யோசிக்கிறார்கள். கண்ணில் நீரழுத்த நோயில் குறுங்கோண வகையுடையவர்களுக்கும் இது ஆகாது. நம் வீடுகளில் பெரியவர்களின் மருந்துப் பையை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மருத்துவர் முன்னால் கொட்டிக் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மருத்துவர் என் மருந்தை மாற்றினார். மிராபெக்ரான் என்பது அதன் பெயர். ஜப்பானில் 2011-இலும் அமெரிக்காவில் 2012-இலும் அனுமதி பெற்றது. இது பூட்டை அடைப்பதில்லை. வேறொரு கதவைத் திறக்கிறது. நீர்ப்பைத் தசையில் பீட்டா-3 என்ற ஏற்பி உண்டு. அதைத் தூண்டினால் தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது. எனவே வாய் வறள்வது அரிது. விலை முன்னதைவிடக் கூடுதல். இரத்த அழுத்தத்தைச் சிறிது உயர்த்தக்கூடும் என்பதால் மாதந்தோறும் அளந்துகொள்ளச் சொன்னார். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடையவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. மாத்திரையைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது; மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. நாளுக்கு ஒன்றுதான் என்பதால் ரமலானில் சிக்கலில்லை; இஃப்தாருக்குப் பின்னர் எடுத்துக்கொண்டேன். நோன்பு வைக்கும் அன்பர்கள் ரமலான் பிறப்பதற்கு முன்னரே மருத்துவரிடம் நேரத்தைப் பேசிக்கொள்வது நல்லது.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் உண்டு. உண்மையில் பயிற்சிதான் முதலாவது, மாத்திரை அதற்கு ஊன்றுகோல் என்றார் மருத்துவர். அவசரம் வந்தால் ஓடக்கூடாது. நின்று, சிறுநீரை நடுவில் நிறுத்தும்போது எந்தத் தசையை இறுக்குவோமோ அதை நான்கைந்து முறை இறுக்கித் தளர்த்தி, கவனத்தை வேறொன்றில் செலுத்த வேண்டும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அதற்கு மேல் என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். அடக்கக்கூடாது என்று சித்த மருத்துவமும் மார்க்கச் சட்டமும் சொல்கின்றனவே என்று வாதிட்டேன். “நிரம்பின பையை அடக்காதீங்க. இது நிரம்பாத பை, பொய்யா கூப்பிடுது. பொய்யனுக்குக் கொஞ்சம் தாமதமாப் பதில் சொன்னா என்ன?” என்றார். தொழுகையின் உள்ளே இந்தப் பயிற்சியைச் செய்யவேண்டியதில்லை என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். கவனத்தைச் செலுத்த எனக்கு வாய்த்தது ஸர்ஃபுப் பாடம். ‘நஸர, நஸரா, நஸரூ’ என்று தொடங்கிப் பதினான்கு வடிவங்களையும் மனத்துக்குள் வரிசையாகச் சொல்வேன். பதினான்காவதை எட்டும்போது அலை தணிந்திருக்கும். தணியாவிட்டால் வருங்கால வினைக்குப் போவேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். “பேரைப் போடாதீங்க. மத்ததை எழுதுங்க” என்றாள்.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் ஒருநாள், சமையலறை வாசலில் நின்று ‘நஸர, நஸரா’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இது என்ன புது ஓதல் என்று கேட்டாள். விளக்கினேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். பிறகு தலைநிமிராமல், “அந்த மாத்திரை பொம்பளைங்களுக்கும் உண்டாங்க?” என்றாள்.

பதினோராண்டுகள். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இருமினால், தும்மினால் நழுவும். மாதவிடாய் நின்ற பின்னர் அவசரமும் சேர்ந்துகொண்டது. மணப்பாறையில் அவள் அண்ணன் மகளின் நிக்காஹுக்குத் தலைவலி என்று வராமலிருந்தாளே, அது தலைவலி இல்லை. ரமலானில் வீட்டில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழும்போது கடைசி வரிசையில் கதவோரமாகவே நிற்பாளே, அது பணிவு மட்டுமில்லை. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ந்த ஆண்டில், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். அரஃபாவிலும் மினாவிலும் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம் என்று போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு உறக்கமில்லையாம். ஒவ்வொரு தொழுகைக்கும் அவள் புடவை மாற்றுவதைச் சுத்தத்தின் மீதுள்ள பேராசை என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

“என்கிட்டே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“மதரஸாவிலே பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறீங்க. எனக்கும் தெரியும், நீங்க பாடம் எடுக்கிறது வீட்டுக்குக் கேட்கும். ஆனா நீங்க என்கிட்டே கேட்டதில்லையே” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திருச்சியில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அங்கும் மூன்று நாள் கணக்கு எழுதி வரும்படி சொன்னார்கள். அவள் அதைப் பிள்ளைகள் கண்ணில் பட்டாலும் புரியாதபடி அரபுத் தமிழில் எழுதினாள். அவளுடைய பாட்டியிடம் சிறுவயதில் கற்றது. நான் அறிந்தவரையில் எங்கள் வீட்டில் அந்த எழுத்தில் கடைசியாக எழுதப்பட்ட தாள் அதுதான். மறுமுறை சென்றபோது மருத்துவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது உருதாம்மா?” என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். “நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

வலமிருந்து இடமாக வாசித்தேன். திங்கள், சுபுஹுக்கு முன், ஒருமுறை. சுபுஹுக்குப் பின், ஒருமுறை, நழுவியது. தண்ணீர்க் குடம் தூக்கும்போது, நழுவியது. லுஹருக்கு முன், இருமுறை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவசரம், எழ முடியவில்லை, சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அங்கே நிறுத்திவிட்டேன். “மேலே படிங்க பாய், இன்னும் ரெண்டு நாள் இருக்கு” என்றார் மருத்துவர். படித்தேன்.

அவளுடையது இரு வகையும் கலந்தது என்று அவர் சொன்னார். இருமும்போதும் குடம் தூக்கும்போதும் நழுவுவது தாங்கும் தசைகள் தளர்ந்ததால் வருவது. அதற்கு என்னுடைய மாத்திரையால் பயனில்லை. அதற்கு மூன்று மாதம் தினமும் தசைப் பயிற்சி. அவசரத்துக்கு மட்டும் மாத்திரை, அதுவும் இரத்த அழுத்தம் பார்த்த பின்னர். பயிற்சியை எப்படிச் செய்வதென்று அங்கிருந்த ஒரு பெண் தனியறையில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. குடம் தூக்குவது இப்போது என் வேலை.

போன மாதம் மணப்பாறையில் ஒரு வலீமா விருந்து. பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள், நான் படிக்கட்டுப் பக்கம். பாதி வழியில் அவள் உதடுகள் அசைந்தன. என்ன ஓதுகிறாய் என்று கேட்டேன்.

“நஸர, நஸரா, நஸரூ. அதுக்கு மேலே தெரியலை. அடுத்தது என்னங்க?” என்றாள்.